பார்க்கணும்னா கட்டணும்

மார்ச் 4
மச்சினன் வந்து இறங்கிவிட்டான். முழங்காலில் அறுவை சிகிச்சை, மூன்று வாரம் படி ஏறக்கூடாதாம். ஒன்பது வருடமாக நான் பேசாத மனிதனுக்கு என் படிப்பறை. "தம்பிதானேங்க" என்கிறாள் மனைவி. யாருக்குத் தம்பி?

மார்ச் 7
ஒன்பது வருடத்துக்கு முன், துறைத் தலைவர் பதவிக்கு என் பெயரை அனுப்பிய அதே வாரம்தான் கல்லூரிக்கு அந்த மொட்டைக் கடிதம் வந்தது. விதியை மீறி நான் டியூஷன் எடுத்ததை நாள், நேரத்தோடு எழுதியிருந்தது. வீட்டு ஆளைத் தவிர யாருக்கும் தெரியாது. இவன் அப்போது எங்களோடுதான் இருந்தான். நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான்.

மார்ச் 11
வேறு போக்கில்லாமல் இவனிடம் போக்கர் கற்கிறேன். தீக்குச்சிதான் பந்தயம். கையில் இரண்டு சீட்டு, மேஜையில் ஐந்து. ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்க்க வேண்டும். ஜோடியை, ஒரே மாதிரி மூன்று சீட்டு வெல்லும். மூன்றும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் அதைவிடப் பெரிது.
"நல்ல சீட்டு வேணும்னு இல்ல மாமா. வந்த மாதிரி உக்காந்திருந்தாலே போதும்."
உனக்குச் சொல்லவா வேண்டும்!

மார்ச் 12
தோல்வி.

மார்ச் 15
குப்பைக் கையையும் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கிறேனாம். "போட்டுடுங்க மாமா, என்ன வீம்பு?" என்றான். சீட்டைக் கவிழ்த்துப் போட்டேன், ஆட்டம் அவனுக்கு. உன் சீட்டைக் காட்டு என்றேன். கையால் மூடிக்கொண்டான்.
"பார்க்கணும்னா கட்டணும்."
அவன் வைத்த அளவு குச்சி நானும் வைத்தால்தான் காட்டுவானாம். இதுதான் விதி.

மார்ச் 19
"சீட்டையே பாக்காதீங்க, மூஞ்சியப் பாருங்க" என்கிறான். பார்க்கிறேன். கல் மாதிரி இருக்கிறது.

மார்ச் 22
நாளை கிளம்புகிறான். கடைசி ஆட்டத்துக்குப் பந்தயத்தை நான் மாற்றினேன்: ஜெயிப்பவர் ஒரு கேள்வி கேட்கலாம், மற்றவர் பொய் சொல்லக்கூடாது.
"கல்லூரிக்கு வந்த லெட்டரா? கேளுங்க மாமா, இத்தன வருஷமா அதுக்குத்தானே காத்திருக்கேன்" என்று சிரித்து, குச்சி முழுவதையும் நடுவில் தள்ளினான். என்னிடம் மூன்று ராஜா, இரண்டு ஏழு. கட்டினால் போதும்.
அவன் முகத்தில் பயமே இல்லை. தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள், வேண்டாம்டா என்பதுபோல.
அந்தப் பதவி கிடைத்திருந்தால் வேறு ஊருக்குப் போயிருக்க வேண்டும். வரமாட்டேன் என்று அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள்.
அட, நீயா?
சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டேன்.

மார்ச் 23
பெட்டியை நானே வண்டிவரை தூக்கிப் போனேன்.
"நேத்து கையில என்ன வச்சிருந்தீங்க மாமா?"
"ஒண்ணுமில்லப்பா. குப்பை."
நம்பிவிட்டான் போலிருக்கிறது. உள்ளே வந்தேன். அவளுடைய முகத்தைத்தான் இன்னும் பார்க்க முடியவில்லை.