விளக்கு எரிந்த ஒரே வீடு

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டை யார் எடுத்தாலும் தயவுசெய்து இந்த வரியோடு மூடிவிடுங்கள். எடுத்த இடத்திலேயே, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். மீறிப் படித்தாலும் இந்தத் தெருவில் ஒருவருக்கும் காட்டாதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அப்பா மின்சார ஆபீஸில் வேலை செய்கிறார். பில் கட்டாதவர்களின் லைனைக் கம்பத்தில் ஏறி வெட்டுகிற வேலை. பழைய ஊரில் ஒருவன் ஏணியை உதைத்துத் தள்ளினான். அப்பா மேலே இருந்தார். இடது காலுக்குள் இப்போது கம்பி இருக்கிறது. நடந்தால் அந்தக் கால் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு வரும். கொஞ்ச நாள் ஆபீஸிலேயே உட்காரவைத்தார்கள். பிறகு இந்த நகரத்துக்கு மாற்றி, இங்கே ஆள் பற்றாக்குறை என்று மறுபடி ஏறச் சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்த்தோம். அம்மா குழாயைத் திறப்பாள், தாழ்ப்பாளை ஆட்டுவாள். அப்பா உள்ளேயே வர மாட்டார். தெருவில் நின்று கம்பங்களை அண்ணாந்து பார்ப்பார். ஒயரில் கரண்ட் திருடுகிற கொக்கி தொங்கினால் அடுத்த தெரு. "இங்க நான் குடியிருந்தா பாம்புப் புத்துல கீரி வாடகைக்கு வந்த கதை" என்பார். கொக்கி இல்லாத தெருக்களில் எங்களால் வாடகை கொடுக்க முடியவில்லை. அத்தை வீடு இருக்கிற பக்கம் ரொம்பப் பிடித்திருந்தது. மரங்கள், நல்ல பள்ளிக்கூடம். ஆனால் அங்கே ஒரு அறைகூடக் கிடைக்கவில்லை.

கடைசியில் கால்வாய்க்குப் பின்னால் இந்தத் தெரு. கொக்கித் தெருதான். அம்மா பயந்தாள். "ஒண்ணும் ஆகாது. அவனவன் குடியிருக்கிற ஏரியாவுக்கு அவனையே அனுப்ப மாட்டாங்க, அது ஆபீஸ் வழக்கம்" என்றார் அப்பா.

வீட்டில் யூனிஃபார்ம் இருக்காது. ஆபீஸில் போய் மாற்றிக்கொள்வார். யாராவது கேட்டால் அப்பாவுக்குக் கம்பெனி வேலை. எந்தக் கம்பெனி என்று கேட்டால்? "இருமிடு" என்றாள் அம்மா.

ஜூன் 15, ஞாயிறு

நாங்கள் மாடி. கீழே தையல் அக்காவும் அவள் வீட்டுக்காரரும். அவர் கார் பட்டறையில் பெயிண்ட் அடித்தவர். நெஞ்சுக்குள் பெயிண்ட் போய் உட்கார்ந்துவிட்டது. மூக்கில் எப்போதும் குழாய். மூச்சு கொடுக்கிற மெஷின் ஒன்று கட்டில் பக்கத்தில் கரண்டில் ஓடுகிறது. புஸ்ஸ்... டக். புஸ்ஸ்... டக். என் பாய் வரைக்கும் கேட்கும். முதல் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. இப்போது அது கேட்டால்தான் வருகிறது.

இன்று அந்த அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "பயப்படாத பாப்பா. உங்க அக்கா எனக்கு மூக்கணாங்கயிறு போட்டுட்டா, அவ்வளவுதான்" என்றார். "எக்ஸ்ரே எடுத்தா எனக்கு மட்டும் கலர்ல வரும்."

அக்கா உள்ளேயிருந்து, "வாயை மூடிட்டு மூச்சு விடுங்க" என்றாள்.

"வாயை மூடினா ரெண்டும் போயிடும்டி."

இந்த ஊரில் நான் முதல்முறையாகச் சிரித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

பள்ளியில் ஒருத்தி வீடு எங்கே என்று கேட்டாள். அத்தை தெருவைச் சொன்னேன். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள் என்பதால் அத்தை விலாசம்தான் கொடுத்திருக்கிறோம். தினமும் சாயங்காலம் அந்தத் திசையில் கொஞ்ச தூரம் நடந்துபோய், எல்லோரும் போன பிறகு திரும்பி வருகிறேன்.

தெருவில் ஒரு பொய், பள்ளியில் ஒரு பொய். இடம் மாறிச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயம்.

ஜூலை 3, வியாழன்

அப்பா சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரத்திலிருந்து அப்பாவுக்கு இந்த ஏரியா. எங்கள் ஏரியா.

"சொந்த இடத்தைக் கொடுக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே!" என்றாள் அம்மா.

"கொடுக்கலையே. ஆபீஸைப் பொறுத்தவரைக்கும் நான் என் அக்கா வீட்டுலதானே இருக்கேன்?"

ஸ்கூலுக்கு ஒன்று ஆபீஸுக்கு ஒன்று இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று இரண்டு இடத்திலும் அத்தை விலாசத்தையே கொடுத்திருந்தார்கள். அம்மா அவர் தட்டை மூடி வைத்தாள். பிறகு, "போய் நிஜத்தைச் சொல்லிடுங்க" என்றாள்.

"சொன்னா வேலை போகும். இவ படிப்பும் போகும்."

நான் தூங்குவதுபோலக் கிடந்தேன். இவ என்றால் நான்தான். அந்தப் பள்ளி எனக்காகத்தானே.

ஜூலை 8, செவ்வாய்

அரை நாள் பள்ளி. தெருமுனையில் திரும்பினேன் — ஏணி. ஹெல்மெட், கண்ணுக்குக் கீழே கைக்குட்டை. முகம் தெரியவே இல்லை. இறங்கி அடுத்த கம்பத்துக்கு நடந்தார். இடது கால் யோசித்துவிட்டு வந்தது.

பெண்கள் கத்தினார்கள். தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது, கைக்குழந்தை வியர்த்துக் கொட்டுகிறது. தையல் அக்கா எங்கள் வாசலில் நின்று, "இவன் கை விளங்காமப் போக! இவன் வீட்டுல விளக்கெரியக் கூடாது!" என்றாள். பக்கத்தில் அம்மா துணிக்கூடையோடு நின்றாள். எல்லோரும் திட்டும்போது ஒருத்தி மட்டும் சும்மா இருந்தால் தெரிந்துவிடும் அல்லவா? அம்மாவும் சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள். "நாசமாப் போறவன்."

அப்பாவுக்குக் கேட்டிருக்குமா? கேட்கும் தூரம்தான்.

எங்கள் வரிசை முழுக்க வெட்டினார். எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டார். மாடிக்கும் கீழுக்கும் ஒரே மீட்டர். வீட்டு ஓனர் எங்கள் இரண்டு வீட்டிலும் கரண்ட் காசை வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொண்டு, கட்டாமல் விட்டிருக்கிறார். அப்பா வெட்ட வேண்டியதில் நாங்களும் உண்டு. ஆனால் அந்த ஒயரின் முனையில்தான் அண்ணன் மூச்சு விடுகிறார்.

அம்மா இன்று அப்பாவுக்குப் பக்கத்தில் படுக்கவில்லை. சமையலறை வாசலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அவளைத் தாண்டித்தான் வந்து இதை எழுதுகிறேன்.

ஜூலை 9, புதன்

தெருவே இருட்டு. இந்த ஒரு வீட்டில் மட்டும் விளக்கு. கல்யாண வீடு மாதிரி அசிங்கமாக எரிகிறது. அம்மா எல்லாவற்றையும் அணைத்துவிட்டாள். ஆனால் மெஷினை அணைக்க முடியாதே. அது ஓடுவது தெரு முழுக்கக் கேட்கிறது.

நாங்கள் புதுசு. அக்காதான் பழசு. அதனால் பழி அவள்மேல். குழாயடியில் ஒருத்தி, "எங்களுக்கெல்லாம் கத்திரி, மகாராணிக்கு மட்டும் கரண்டா? யாருக்குச் சட்டை தச்சுக் குடுத்தியோ?" என்றாள். இன்னொருத்தி, "சட்டை மட்டும்தானா?" என்றாள். சிரித்தார்கள். கொக்கி போட்டதைக் காட்டிக்கொடுத்ததே அவள்தானாம். அக்கா குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். சாயங்காலம் எதிர்வீட்டிலிருந்து யாரோ அவள் ஜன்னலில் கல் விட்டார்கள்.

ஜூலை 10, வியாழன்

எழுத்து கோணலாக வரும்.

அக்கா கடைக்குப் போயிருந்தாள். அண்ணன் கூப்பிட்டார்.

"பாப்பா, அப்பா கால்ல என்ன?"

"வண்டியிலேர்ந்து விழுந்துட்டார்."

"எந்த வண்டி? ஏணி வண்டியா?"

எனக்கு இருமக்கூட வரவில்லை.

"அழாத. நாள் பூரா ஜன்னல்தானே எனக்குச் சினிமா. முகத்தை மூடிக்கலாம், நடையை மூட முடியுமா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "நல்ல மனுஷன். நல்லவங்க செய்ற தப்புதான் பெரிசா முடியும். அப்பாகிட்ட சொல்லு, எங்க லைனையும் வெட்டச் சொல்லு. ஒரு பகல் போதும். தெரு கண்ணுக்கு நாங்களும் இருட்டாகணும். பொழுது சாயும்போது மாட்டிடட்டும்."

"உங்க மெஷின்?"

"கட்டிலுக்கு அடியில சிலிண்டர் கொழுகொழுன்னு படுத்திருக்கு. அது போதும். அக்காகிட்ட மூச்சு விடாத. மூச்சு விடுறது என் வேலை."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "அவருக்குத் தெரிஞ்சுபோச்சா?" அடுத்தது, "சிலிண்டர் இருக்குன்னு அவரே சொன்னாரா?" அதை மறுபடியும் கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடியும் ஆமாம்.

ஆபீஸிலும் ஃபோர்மேன் கேட்டுவிட்டாராம். "அந்த ஒரு வீட்டை ஏன்யா விட்ட? உனக்கு அங்க யாரு, சின்ன வீடா? நாளைக்கு நானே கூட வரேன்."

அப்பா விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

ஜூலை 11, வெள்ளி

மெழுகுவர்த்தி. விளக்கைப் போட அம்மா விடவில்லை. சீக்கிரம் எழுத வேண்டும்.

மத்தியானம் வெட்டியிருக்கிறார். நான் வந்தபோது தெருவில் எல்லோரும் சமாதானம். கல் விட்ட வீட்டுக்காரியே வந்து அக்காவிடம், "இப்பத்தான் நீ எங்க ஆளு. இந்தா, மெழுகுவர்த்தி" என்றாள். அக்கா அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள்.

அண்ணன் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். சிலிண்டரைத் தானே திறந்துகொண்டதாக அக்காவிடம் சொல்லிவிட்டாராம். "நீ துணியைப் பாரு" என்றாராம். எனக்குக் கண்ணை மட்டும் சிமிட்டினார்.

பொழுது சாய்ந்தது. அப்பா வரவில்லை. வேறு ஏரியாவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, எல்லோரையும் வண்டியோடு அங்கே கொண்டுபோய்விட்டார்களாம், இப்போதுதான் தெரியும். அப்போது தெரியாது. அம்மா போன் அடித்துக்கொண்டே இருந்தாள். கம்பத்தில் ஏறும்போது போனை வண்டியில் வைத்துவிடுவார். வேறு யார் வந்து மாட்டுவார்கள்? யாரிடம் சொல்வது? என்ன சொல்வது?

பிறகு அக்கா கத்தினாள். அம்மா படியிறங்கி ஓடினாள். அண்ணன் உதடு அவர் அடித்த நீலப் பெயிண்ட் மாதிரி — வேண்டாம். ஆட்டோவில் ஏற்றினார்கள். கல் விட்ட வீட்டுக்காரர்தான் தூக்கினார்.

அவர்கள் போனபிறகு அப்பா வந்தார். தோளில் ஏணி. அவ்வளவு தூரமும் தூக்கிக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். இருட்டில் ஏறி மாட்டினார். கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது. மெஷினும் ஓட ஆரம்பித்தது. புஸ்ஸ்... டக். காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில்.

யாராவது அதை நிறுத்துங்களேன்.

ஜூலை 12, சனி

அண்ணன் போய்விட்டார்.

ஜூலை 14, திங்கள்

நேற்று பாடை தூக்கினவர்களில் அப்பாவும் ஒருவர். நொண்டிக்கொண்டே தூக்கினார். வேறு ஒருவர், "கால் சரியில்லாத மனுஷன், நீங்க விடுங்க" என்றார். விடவில்லை.

இன்று அக்கா தானாகவே பேசினாள். அம்மா மடியில் தலைவைத்து, "சிலிண்டர் போன வாரமே காலி, அக்கா. நிரப்பணும்னு அவர்தான் ஞாபகப்படுத்தினார். இந்தச் சண்டையில நான் மறந்தே போயிட்டேன். அவருக்குத் தெரியுமே. தெரிஞ்சும் ஏன் என்கிட்ட திறந்துட்டேன்னு சொன்னார்?" என்றாள்.

கொழுகொழுன்னு படுத்திருக்கு. நான் குனிந்து பார்க்கவில்லை. கட்டில் பக்கத்தில்தானே நின்றேன்?

பிறகு அக்கா எழுந்து உட்கார்ந்து அப்பாவைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க நாலு இடம் போறவர். அந்தக் கம்பத்துல ஏறினவன் யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. அவன் முகத்தை ஒரு தடவை பார்க்கணும்."

அப்பா, "சரிம்மா" என்றார்.

ஜூலை 16, புதன்

அம்மா வேறு வீடு பார்க்கலாம் என்கிறாள். நகரத்தின் அந்தக் கோடியில். "எந்தத் தெருவுக்குப் போனாலும் அங்கயும் கம்பம் இருக்கும்" என்கிறார் அப்பா. அவர் தூங்குவதே இல்லை. எனக்கும் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை.

வெட்டச் சொல்லி அண்ணனே கேட்டுக்கொண்டார் என்று அக்காவிடம் சொன்னால் அவளுக்கு ஆறுதலா, அதைவிட மோசமா? பொய்யும் சொல்லிவிட்டுப் போனார் என்று? தெரியவில்லை. நம்புவாளா? சாட்சி நான் ஒருத்திதான்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று அப்பா யூனிஃபார்மை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பையில் ஒளித்தெல்லாம் இல்லை, கையில் மடித்து, தெரு பார்க்கவே கொண்டுவந்தார். சாப்பிட்டார். இத்தனை நாளுக்குப் பிறகு முழுதாகச் சாப்பிட்டார். பிறகு அதைப் போட்டுக்கொண்டு ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டார். கைக்குட்டையை மேசையில் வைத்துவிட்டார்.

அம்மா கதவை மறித்து நின்றாள். "கொன்னுடுவாங்கங்க."

"முகத்தைப் பார்க்கணும்னு சொன்னா. நான் சரின்னு சொல்லிட்டேன்."

"அவரே கேட்டார்னாவது சொல்லுங்க!"

"செத்தவர் தலையில போடச் சொல்றியா?"

என் தலையில் கை வைத்தார். படியிறங்கினார். ஒரு கால், யோசித்து இன்னொரு கால். கீழே கதவு திறந்தது, மூடியது.

நேரமாகிறது. அழுகை, கத்தல், ஒன்றுமே இல்லை. அம்மா படியின் மேலேயே நின்றுவிட்டு இப்போதுதான் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள். வீடு பார்க்க வந்த அன்று ஆட்டிப் பார்த்த அதே தாழ்ப்பாள். தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். நான் இறங்கிப்போய்ச் சொல்ல வேண்டும். அண்ணன் என்னிடம்தானே சொன்னார், நான்தானே சொல்ல வேண்டும்? சொல்கிறேன். இதை எழுதி முடித்ததும் எழுந்து போய்ச் சொல்கிறேன்.

படியில் யாரோ வருகிறார்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி விழுகிறது. அப்பா இல்லை. அம்மா என்னைப் பார்க்கிறாள். கதவைத் தட்டுகிறா—