இரண்டே முக்கால் பாகம்

பெசாரி,
கடற்படை வரைபட அலுவலகக் குடியிருப்பு.
மேல்காற்று மாதம், மூன்றாம் நாள்.

அன்புள்ள சவேனி அக்காவுக்கு,

இரோமி எழுதுவது. நான் நலம். அத்தானும் நலமாக இருக்கிறார். இருமல் குறைந்திருக்கிறது, மூன்று வேளையும் சாப்பிடுகிறார். இதை முதலில் எழுதிவிட்டால் மீதியை நீ பொறுமையாகப் படிப்பாய் என்று நினைக்கிறேன்.

நான் எழுதிய இரண்டு கடிதங்களும் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. அவற்றை நீ படிக்காததில் பெரிய நஷ்டமில்லை. இங்கிருந்து தபாலில் போகும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள், அதனால் வெறும் நலம் விசாரிப்பைத்தான் எழுதியிருந்தேன். இதை ஒரேவா கையில் கொடுத்தனுப்புகிறேன். கிலாவோவுக்கு நான் அளக்க வந்தபோது என் படகில் ஆழம் பார்க்க ஈயக்குண்டு போட்டாரே, அவர்தான். அக்கா வாங்க மாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “வாசல்ல உக்காந்து சத்தமாப் படிப்பேம்மா. ஊரே கேக்கப்போவுதுன்னு தெரிஞ்சா தானா கதவத் தொறப்பாங்க” என்றார். செய்யக்கூடிய ஆள்தான். ஆகவே வாங்கிக்கொள்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அத்தான் உன்னிடம் என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று எனக்குத் தெரியாது.

ராஜா வாங்கிய மூன்று புதுக் கப்பல்களும் பெரியவை. மேலைப் படைக்குப் பெசாரி ஒரே தளம், எண்ணெய்க் கிடங்கு தொமுவாவில். கீழைப் படைக்கு மட்டும் கிலாவோ, அந்திரோ என்று இரண்டு தளங்கள் எதற்கு, ஒன்று போதும் என்று தலைமையகத்தில் முடிவாயிற்று. எந்தத் துறைமுக வாயில் புதுக் கப்பல் நுழைய முடியும் என்று அளந்து சொல்லும்படி எங்கள் அலுவலகத்துக்கு எழுதினார்கள். கிலாவோவுக்கு யார் போவது என்று கேட்டபோது நானே கை தூக்கினேன். உங்களைப் பார்த்து மூன்று வருடமாகியிருந்தது. வேறு எண்ணம் எதுவும் இல்லை, அக்கா. இதை மட்டுமாவது நம்பு.

புறப்படுவதற்கு முன் கிலாவோவின் பழைய ஆண்டறிக்கைகளை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஐந்து ஆண்டுகளும் ஒரே எண்தான். துறைமுக வாயின் ஆழம் ஐந்து பாகம். மலை சரிந்து ஆறு முழுக்கச் சேறாக வந்த ஆண்டிலும் அதே ஐந்து பாகம். கையெழுத்தையும் பார்த்தேன். பிறகு அந்த அறிக்கைக் கட்டை என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

நான் வந்து இறங்கிய மாலை நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். கப்பல் பாய்க் கிடங்கில் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போய் நாற்பத்து மூன்று பிள்ளைகளின் சிலேட்டுகளையும் காட்டினாய். சீமைப்பலாவை நெருப்பில் சுட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி வைத்தாய். அத்தான் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார்: “நாளைக்கு எத்தன மணிக்குப் படகு எடுக்கற?” காலை ஆறு மணி என்றேன். “நானும் வரேன்” என்றார். அவரைப் போல ஒரு தளபதி அளவுப் படகில் ஏறும் வழக்கம் கிடையாது. நீ தேங்காய்ப்பால் பாத்திரத்தைக் கழுவ உள்ளே போய்விட்டாய்.

மறுநாள் ஒரேவா குண்டை வீசி வீசி, ஈரக் கயிற்றை இரண்டு கைகளையும் விரித்து, ஒரு விரிப்பு ஒரு பாகமாக எண்ணிச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் எழுதினேன். கடல் ஏறியிருந்த நேரம். பாறைக்கும் மிதவைக்கும் நடுவில், கப்பல் வரும் வழியில், மூன்றே முக்கால் என்றார். இன்னொரு முறை போடச் சொன்னேன். “எத்தன வாட்டி போட்டாலும் குண்டு பொய் சொல்லாதும்மா” என்றார். குண்டின் அடியில் பூசிய கொழுப்பில் மணல் ஒட்டவில்லை, ஆற்றுச் சேறுதான் ஒட்டியிருந்தது. அத்தான் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கடலில் கழுவினார்.

கரையேறி ஒரேவா படகைக் கட்டப் போன பிறகுதான் பேசினார்.

“ஏத்தத்துல என்ன வந்துதோ அத அப்படியே எழுது இரோமி. கழிக்காத. மூணே முக்கால் இருக்கு. புதுக் கப்பலுக்கு மூணரை போதும்.”

கடல் வற்றும்போது ஒரு பாகம் குறையும், அதைக் கழித்துத்தான் எழுத வேண்டும் என்பது படகோட்டிகளுக்கும் தெரியும். கழித்தால் இரண்டே முக்கால். வத்தத்துல கப்பல் வந்தா என்ன ஆகும் அத்தான் என்று கேட்டேன்.

“வராம நான் பாத்துக்கறேன்.”

“உங்களுக்கு அப்புறம் யார் பாத்துப்பாங்க?”

“இந்தத் தீவுல முந்நூறு குடும்பம் இருக்கு. ரொட்டி சுடறவன், துணி வெளுக்கறவன், பாய் தைக்கறவன், எல்லாருக்கும் தளம்தான் சோறு போடுது. உங்க அக்கா பள்ளிக்கூடம் அதுக்குள்ள இருக்கு. சேறுதான, வாரிப் போட்டா சரியாப் போயிடும். தூர் வார்ற கப்பல் கேட்டு நாலு வருஷமா எழுதறேன், ஒருத்தன் அசையல” என்றார்.

“ஆழம் அஞ்சு பாகம்னு எழுதிட்டு, தூர் வார்ற கப்பலும் கேட்டா யார் அனுப்புவாங்க?” என்றேன்.

அத்தான் சிரித்துவிட்டார். “அதுவும் சரிதான்” என்றார். முதல் ஆண்டு பயத்தில் எழுதியதாம். அடுத்த ஆண்டு மாற்றி எழுதினால் போன ஆண்டு ஏன் எழுதவில்லை என்று கேட்பார்களே என்று எழுதியதாம். அதற்கப்புறம் பழகிவிட்டதாம். பழைய கப்பல்களுக்கு இரண்டு பாகம் போதும் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

அக்கா, பெண்ணுக்கு இடமில்லை என்று சொன்ன வரைபடப் பள்ளியின் வாசலில் எனக்காக ஒன்பது நாள் நின்றவர் அவர். பத்தாம் நாள் அந்தப் பள்ளியின் அதிகாரி சலித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார். அத்தான் அன்று கரையில் நின்று அதை ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் ஞாபகப்படுத்தவில்லை.

நான் கழித்துத்தான் எழுதினேன். தாளில் தளபதியும் கையெழுத்திட வேண்டும். அவருடைய மேசையில் வைத்தேன். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. அந்த இரண்டு நாளும் நாம் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நீ என்னிடம் உப்பு வேண்டுமா என்று கேட்டாய், வேறு எதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ‘கடற்கழுகு’ குறித்த தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. புதுக் கப்பல், உள்ளே இருநூற்றுப் பத்துப் பேர். கம்பியில்லாத் தந்தி அறையிலிருந்து ஆள் ஓடி வந்தான். நேராக உள்ளே வரலாமா என்று கப்பல் தலைவர் கேட்கிறார், அவர் கையில் இருப்பது பழைய வரைபடம், கடல் வற்றிக்கொண்டிருக்கிறது. நான் அத்தானின் பின்னால் அந்த அறைக்குப் போனேன். சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தடுக்காவிட்டால் நானே தந்தி அடிப்பவனிடம் சொல்லிவிடுவது என்று. அதற்கு வேலை வைக்கவில்லை. கதவைத் தாண்டியதுமே நின்றபடி சொன்னார்: “எழுதிக்கோ. உள்ளே வர வேண்டாம். வெளியே நங்கூரமிடவும். வாயில் ஆழம் இரண்டே முக்கால் பாகம். வரைபடம் தவறு. பொறுப்பு என்னுடையது. தளபதி தெபாரு.”

தந்தி அடிப்பவன் பென்சிலை நிறுத்தினான். “ஐயா, கடைசி வரி வேணுமா?”

“அது இல்லாம அனுப்பாத.”

கப்பல் திரும்பி வெளியே நின்ற பிறகுதான் மேசைக்கு வந்து என் தாளில் கையெழுத்திட்டார். “போய்ச் சாப்பிடு. உங்கக்கா காத்துட்டு இருப்பா” என்றார். நான் வீட்டுக்கு வந்தபோது ஊருக்குள் செய்தி வேறு மாதிரிப் பரவியிருந்தது. அளக்க வந்த மைத்துனி எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று. நீ என் பெட்டியை வாசலில் வைத்திருந்தாய். நான் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனேன், ஏனென்றால் நானும் எழுதித்தான் கொடுத்திருந்தேன். ஆனால் அத்தானை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, அக்கா. அவரே சொன்னார். என் தாள் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்த நேரத்தில் அவர் வாயால் சொன்னார். இது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

விசாரணை இங்கே ஆறு நாள் நடந்தது. மூன்று அதிகாரிகள். அறிக்கைகளை எழுதியது யார் என்று அத்தானைக் கேட்டார்கள். “ஆழத்த நான் சொன்னேன். எழுதின கைக்குக் கடல் தெரியாது” என்றார். அதற்குமேல் எவ்வளவு கேட்டும் வேறு பதில் வரவில்லை. அந்த ஐந்து ஆண்டும் கிலாவோவில் எழுத்தர் வேலை காலியாக இருந்தது என்பதை அவர்கள் தேடிப் பார்க்கவில்லை. அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார்கள். இந்தக் கையெழுத்தை எங்காவது பார்த்திருக்கிறாயா என்று, நான் திருப்பிக் கொடுத்திருந்த அறிக்கைக் கட்டை என் முன்னால் வைத்தார்கள். நீ எனக்கு அ எழுதக் கற்றுத் தந்த கை அது. பார்த்ததில்லை என்றேன். கால் பாகம்கூடக் கூட்டி எழுத மறுத்தவள்தான் சொன்னேன். அதற்காக வருத்தப்படுகிறேனா என்று இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை. படித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

தீர்ப்பு உனக்கு அதிகாரபூர்வமாக வரும். இரண்டு பதவி இறக்கிவிட்டார்கள். கப்பலைத் தடுத்தார் என்பதால் வேலையைப் பறிக்காமல் விட்டார்கள். ஓய்வு பெற இருக்கும் இரண்டு ஆண்டும் இங்கே வரைபடக் கிடங்கில் வேலை. கீழைப் படை முழுவதும் அந்திரோவுக்குப் போகிறது. கிலாவோவில் ஆறு மாலுமிகளுடன் ஒரு சைகை நிலையம் மட்டும் இருக்கும். முந்நூறு குடும்பத்தில் பாதியாவது அந்திரோவுக்குப் போக வேண்டியிருக்கும். என்னை அவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

ஒரு காரியம் என்னால் முடிந்தது. சைகை நிலையத்துக்குப் பாய்க் கிடங்கு தேவையில்லை. பள்ளிக்கூடம் அங்கேயே நடக்கலாம் என்று தலைமையகத்தில் எழுத்தில் வாங்கியிருக்கிறேன். இத்துடன் வைத்திருக்கிறேன். அதை மட்டும் எரித்துவிடாதே. ஆகவே நீ அங்கே இருக்க வேண்டும் என்றால் இருக்கலாம். உன்னை யாரும் வெளியேற்ற முடியாது.

அத்தான் உனக்கு எழுதாததற்குக் காரணம் தபாலைப் பிரிக்கிறார்கள் என்பது மட்டும் அல்ல. எழுதச் சொல்லி நான் தாள் கொடுத்தேன். ‘சவேனி’ என்று மட்டும் எழுதினார். அப்புறம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிடங்கில் மற்றவர்கள் அவரிடம் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள். விடுமுறை நாளில் என் அறைக்கு வருவார், சுட்ட சூரை மீனைப் பாதி சாப்பிட்டுவிட்டு, “கிலாவோல மழை பிடிச்சிடுச்சாமா?” என்று கேட்பார். வாராவாரம் கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்று போன வாரம் கொஞ்சம் எரிச்சலாகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்ததே நல்லது என்று இப்போது படுகிறது.

வா என்று அவர் உன்னைக் கேட்க மாட்டார். நான் கேட்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விடுவாயே, அந்தப் பதினைந்து நாளுக்காவது வா. என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை. என் அறையை உங்கள் இருவருக்கும் விட்டுவிட்டு அலுவலகத் தோழி வீட்டில் படுத்துக்கொள்கிறேன். பதினெட்டாம் தேதி தபால் கப்பல் கிலாவோவிலிருந்து இங்கே வருகிறது. அன்று கிடங்கில் அத்தானுக்கு விடுப்பு சொல்லியிருக்கிறேன், எதற்கு என்று சொல்லவில்லை. காலையிலிருந்து துறையில் நாங்கள் இருவரும் நிற்போம். நீ வரவில்லை என்றால் அடுத்த கப்பலுக்கும் நிற்போம்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் தங்கை,
இரோமி.