போன் ஸ்பீக்கர்ல கேக்காத பேஸ் கிட்டார்

அக்கா,

உன் ஆல்பத்த நேத்துத்தான் முழுசா கேட்டேன், நீ வாசிச்ச பேஸ் கிட்டார் அம்புட்டும் அதுல இருக்கு, நெஞ்சே அதிருது!

நீ என்னைய பிளாக் பண்ணிட்ட, அதான் பேப்பர்ல எழுதுறேன்.

இந்த மாசம் வந்த ஸ்டோனர் ராக், அதான் உங்க கனமான ராக் இசை, ஆல்பங்களப் பத்தி வீடியோ போட்டேன்ல, மத்ததயெல்லாம் ஹெட்போன்ல கேட்டேன். உன்னோடத மட்டும் கன்னிவாடி பஸ்ல, போன் ஸ்பீக்கர்ல, ரெண்டே பாட்டு. அதுல பேஸ் எங்க கேக்கும்? சொந்த அக்காவுக்கே சலுகை காட்டலன்னு பேர் வாங்க, "பேஸ் வாசிக்கிறவங்க லீவா?"ன்னு நக்கலடிச்சேன். "முழுசா கேட்டியாடா?"ன்னு நீ கேட்டப்ப, "மூணு தடவ"ன்னு பொய் சொன்னேன்.

நேத்து மரியராஜ் சித்தப்பா தக்காளி வேன்ல ஒட்டன்சத்திரம் போனேன். அதுல இருக்க பெரிய ஸ்பீக்கர்ல உன் ஆல்பத்தப் போட்டுவிட்டேன். சித்தப்பா வண்டிய ஓரங்கட்டி, "ஏலே, இஞ்சின் உறுமுது, எறங்கிப் பாரு"ன்னாரு.

"இஞ்சின் இல்ல சித்தப்பா, அக்கா"ன்னேன்.

கேக்காமலே திட்டுனேன்னு புது வீடியோல சொல்லிட்டேன். உங்க பேண்டுல பேஸ் வாசிக்க வேற ஆள் பாத்துக்கச் சொல்லிட்டியாமே, வேணாம்க்கா. ஞாயித்துக்கிழமை சர்ச்ல பூசை முடிஞ்சதும் பிராக்டிஸுக்குப் போ. என்னையத் திட்டவாச்சும் ஒரு போன் பண்ணு.

உன் தம்பி