ஏழே முக்கால் ராணிகள்

ஜூலை 7, திங்கள்

அப்பா, மன்னிக்கணும். கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த உங்கள் டைரியில் எழுதுகிறேன். ஆறு மாதமாக டிவிக்குப் பின்னால் சும்மா கிடந்தது. எழுதுகிற அளவுக்கு எனக்கு என்ன வாழ்க்கை என்று கேட்டால் பதில் இல்லை. காலையில் பட்டாபிராமில் ஏறி சென்ட்ரலில் இறங்குகிறேன். சாயங்காலம் சென்ட்ரலில் ஏறி பட்டாபிராமில் இறங்குகிறேன். வாய் இருப்பவர்கள் பேசிவிடுகிறார்கள். எனக்கு அது வருவதில்லை. அதனால்தான் இது.

இன்று என்னை வாட்ஸப் குழுவில் சேர்த்தார்கள். பெயர் ‘ஏழே முக்கால் ராணிகள்’. ஏழே முக்கால் வண்டியின் மகளிர் பெட்டியில் போகும் அறுபத்து மூன்று பேர். அட்மின் மங்களம் அக்கா. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கணவருக்கு ஆவடி டிபன்ஸ் ஃபேக்டரி, குவார்ட்டர்ஸில் வீடு. “இனிமே நீ நம்ம ஆளும்மா” என்றார். பத்து மாதமாக அவருக்கு எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதுவரை யார் ஆளாக இருந்தேன்?

ஜூலை 9, புதன்

ரோஜாப்பூ, காலை வணக்கம். பிள்ளையார், காலை வணக்கம். காபிக் கோப்பை, காலை வணக்கம். ஒரே பெட்டியில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்துகொண்டு போனில் வணக்கம் சொல்கிறார்கள். நிமிர்ந்து பக்கத்து முகத்தைப் பார்த்துச் சொன்னால் என்ன, வாய் தேய்ந்துவிடுமா?

நான் சொல்கிறேன் இதை. நான்!

ஜூலை 15, செவ்வாய்

சொர்ணம் அக்காவைப் பற்றி எழுத வேண்டும். திருநின்றவூரில் பூக்கூடையோடு ஏறுவாள். கதவோரம் கூடையை வைத்து, தரையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டே விற்பாள். ஆனால் அவள் விற்பது பூ மட்டும் இல்லை. “மங்களம்மாக்கு காய்ச்சலு, இன்னிக்கு வராது.” “கொரட்டூர் டீச்சரு பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சி.” “அண்ணனூராண்ட ஊடு காலி கீது, யாருக்குனா வேணுமா?” பெட்டியின் இந்தக் கோடியில் சொன்னது வில்லிவாக்கத்துக்குள் அந்தக் கோடிக்குப் போய்விடும்.

என் வேலையும் அப்படித்தான் வந்தது. பி.காம். முடித்து ஏழு மாதம் நேர்காணலுக்கு அலைந்துகொண்டிருந்தேன். “இன்னாமே, தெனம் ஃபைலைக் கட்டிக்கினு எங்க போற?” என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்தேன். “ஊமக்கோட்டான்!” என்றாள். மறுநாள் சுசீலா அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தினாள்: “உன் ஆபீசுல கடிதாசி எழுத ஆள் கேட்டியே. இந்தா.” சுசீலா அக்கா இப்போது எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்கிறார்.

அன்றிலிருந்து தினமும் ஒரு துண்டு மல்லி, அவள் கையாலேயே என் தலையில். “வெறுந்தலையோட போனா எவன் மதிப்பான்?”

ஜூலை 22, செவ்வாய்

சுசீலா அக்கா சொன்னார்: முதலில் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம்தான் இருந்ததாம். வண்டி தாமதமானால் மட்டும் எழுதுவார்களாம். ஒரு தடவை ஒருத்திக்குப் பிரசவத்தில் ரத்தம் வேண்டும் என்று எழுதியதும் பதினொரு பேர் வேலையை விட்டுவிட்டுப் பெரம்பூரில் இறங்கி ஓடினார்களாம்.

இப்போது குழுவின் வேலை சீட் பிடிப்பது. முன் ஸ்டேஷனில் ஏறுகிறவர்கள் துப்பட்டாவைப் போட்டு வைப்பார்கள். குழுவில் இருப்பவளுக்குத்தான் இடம். இன்று ஒரு நிறைமாதக்காரி நின்றாள். “ஆள் வருதும்மா” என்றார்கள். வந்த ஆள் நான். உட்கார்ந்தேன். ஆவடி வரை அவள் வயிறு என் முகத்துக்கு நேராக இருந்தது.

எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரலட்சுமி நோன்பு. நல்ல கூட்டம். சொர்ணம் அக்காவின் கூடையிலிருந்து தண்ணீர் வழிந்து ஷர்மிளாவின் லேப்டாப் பை நனைந்துவிட்டது. ஷர்மிளா ஐ.டி.யில் இருக்கிறாள், சேலத்திலிருந்து வந்து, புது அடுக்குமாடியில் வீடு. தினமும் ஜன்னலோரம் தலைமுடியைப் பறக்கவிட்டு வீடியோ போடுகிறவள்.

“இது லேடீஸ் கம்பார்ட்மென்ட்டா, பூ மார்க்கெட்டா?”

“பூக்கூடைன்னா தண்ணி சொட்டத்தான் செய்யும் கண்ணு. பன்னீரா சொட்டும்?”

“மரியாதையா பேசுங்க.”

“பதினாறு வருசமா இதுல வந்துகினு கீறேன். உன் புது ஊட்டுக்குப் பால் காச்சின அன்னிக்கி வாசல்ல தொங்குச்சே மாலை, அது யார் கட்டுனது? அப்போ இனிச்சிச்சா?”

பெட்டியே சிரித்தது. மங்களம் அக்காவும்தான். ஷர்மிளா சிரிக்கவில்லை. போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

நேற்று பெட்டியில் சிரித்தவர்கள்தான் இவர்கள். குழுவில் வேறு முகம். ‘சுகாதாரமே இல்லை.’ ‘வாய் ரொம்ப நீளம்.’ ‘நானும் ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்சேன்.’ ரொம்ப நாளாக அவளிடம் பூ வாங்கி வைத்துக்கொண்டே நினைத்தார்களாம்!

வீடியோவோடு ரயில்வே அதிகாரிகளின் இணையப் பக்கத்தில் புகார் போட வேண்டும், ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று ஷர்மிளா சொன்னாள். அவளுக்கு நேரமில்லையாம். மங்களம் அக்கா என் பெயரைப் போட்டார்: ‘நீதானேம்மா ஆபீஸ்ல லெட்டர் எழுதுற. அழகா எழுதிக் குடு.’

முதல் தடவையாக அந்தக் குழுவில் என் பெயர்.

எழுதிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை என்று எழுத வந்தேன். பொய். சந்தோஷமாக இருந்தது. ‘தொடர்ந்து இடையூறு’ என்பதற்கு மூன்று சொற்களைப் போட்டுப் பார்த்து, அதிலே கனமானதை வைத்தேன். பதினான்கு வரி. நாற்பத்தேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒவ்வொரு விரலையும் எண்ணினேன். சீ.

ஆகஸ்ட் 13, புதன்

ஆவடியில் இரண்டு பெண் போலீஸ் ஏறினார்கள். கையில் போன், அதில் அந்த வீடியோ. சொர்ணம் அக்காவின் கூடையைத் தூக்கினார்கள்.

“மங்களம்மா, நீ ஒரு வார்த்த சொல்லேன்!” மங்களம் அக்கா போனைப் பார்த்தார். “டீச்சரம்மா!” டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். எல்லோர் பெயரும் அவளுக்குத் தெரியும். கடைசியில் என்னிடம்: “ஊமக்கோட்டான், நீயாவது சொல்லுமே…”

அவளையும் இறக்கினார்கள். வண்டி கிளம்பிவிட்டது. பிளாட்பாரத்தில் ஒரு செருப்போடு நின்றாள். இன்னொரு செருப்பு எங்கள் பெட்டியில்.

அம்பத்தூர் தாண்டுவதற்குள் குழுவில் கைதட்டல் பொம்மைகள். ‘ராணிகளின் வெற்றி.’ எனக்குத் தனியாக ஒரு பூங்கொத்துப் படம் வந்தது. பூ!

ஆகஸ்ட் 14, வியாழன்

செருப்பு அங்கேயே கிடந்தது. யாரோ காலால் சீட்டுக்கடியில் தள்ளினார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சுசீலா அக்காவின் அம்மா இறந்து பன்னிரண்டு நாளாகிறது. இன்றுதான் வண்டிக்கு வந்தார். குழுவில் அன்றைக்கே ஐம்பத்தெட்டு பேர் கும்பிடும் கை போட்டிருந்தார்கள். கள்ளிக்குப்பம் வீட்டுக்குப் போனவர்கள் மூன்று பேர், மூவரும் ஆபீஸ்காரர்கள். இன்று பெட்டியில் ஒருத்தியும் வாயைத் திறந்து கேட்கவில்லை. அதுதான் போட்டாயிற்றே. சுசீலா அக்கா கம்பியில் தலையைச் சாய்த்து நின்றார். பக்கத்தில் சிரிப்பு வீடியோ சத்தமாக ஓடியது.

சொர்ணம் அக்கா இருந்திருந்தால் வண்டி நிற்குமுன் ஒப்பாரியே வைத்திருப்பாள். எல்லோரையும் பெயர் சொல்லி இழுத்து வந்து நிறுத்தியிருப்பாள்.

அவளை இறக்கிவிட்டது யார்?

செப்டம்பர் 12, வெள்ளி

அவளைப் பார்த்தேன். பட்டாபிராம் ஸ்டேஷன் வெளியே, படிக்கட்டோரம். கூடை இல்லை. தாம்பாளத்தில் நாலு பந்து பூ. அதற்கும் ஆள் வந்து விரட்டுகிறார்களாம்.

“வாமே. எளைச்சிட்டியே” என்றாள். என்னைப் பார்த்து அவள் சொல்கிறாள்!

“நீ படிச்ச பொண்ணு. இந்த ஓரமா குந்திக்கறதுக்கு மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதிக் குடு. எதோ ஒரு நாயி என்னப் பத்தி இங்கிலீசுல எழுதிப் போட்டுக்கீது. போலீசம்மாவே சொல்லுச்சி, எழுதுனது நல்லாப் படிச்ச ஆளாம்.”

“சரிக்கா” என்றேன்.

செப்டம்பர் 13, சனி

‘ஐயா, வணக்கம்’ வரை எழுதினேன்.

செப்டம்பர் 17, புதன்

அவள் இருக்கும் படிக்கட்டைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறேன். அறுபத்திரண்டு பேரைத் திட்டி இவ்வளவு பக்கம் எழுதியாயிற்று. அறுபத்து மூன்றாவது ஆளுக்கு எந்தப் பக்கம்?

செப்டம்பர் 22, திங்கள்

சொல்லிவிட்டேன். “அக்கா, அந்த நாய் நான்தான்.” இதைத்தான் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவள் கை நிற்கவில்லை. பூ, நார், முடிச்சு. ஒரு முழம் கட்டி முடித்தாள். ஏதாவது திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“இங்கிலீசுல எத்தினி வரி எழுதுன?”

“பதினாலு.”

“எனக்கு இருவது வரி எழுது.”

நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

செப்டம்பர் 24, புதன்

இருபத்தொரு வரி வந்தது. பயணிகள் கையெழுத்தும் வேண்டும். நேற்று குழுவில் எழுதினேன், என் முதல் செய்தி: ‘புகாரை எழுதியது நான். தவறு. நாளை மனுவோடு வருகிறேன். கையெழுத்துப் போடுங்கள்.’ ஐம்பது பேர் பார்த்ததாகக் காட்டியது. பத்து நிமிடத்தில் மங்களம் அக்கா என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். நல்லது. இனி ரோஜாப்பூ வராது.

இன்று காகிதத்தோடு பெட்டியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனேன். ஒவ்வொருத்தியிடமும் நீட்டினேன்.

“வாட்ஸப்புல அனுப்பும்மா, லைக் போடறேன். கையெழுத்துல்லாம் வம்பு” என்றாள் ஒருத்தி.

“திடீர்னு வாய் மொளைச்சிடுச்சா உனக்கு?” மங்களம் அக்கா.

“ஆமாக்கா. லேட்டா மொளைச்சிடுச்சி” என்றேன். நானா சொன்னேன்?

சுசீலா அக்கா முதல் கையெழுத்து. குழுவில் இல்லாத நாலு பேர் போட்டார்கள். கொரட்டூர் டீச்சர் இறங்கப்போகும்போது திரும்பி வந்து போட்டார். ஆறு. என்னோடு ஏழு.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை விடுமுறை என்பதால் இன்றே பெட்டியில் பூஜை. வருஷா வருஷம் சொர்ணம் அக்கா கதவு முதல் கதவு வரை சாமந்திச் சரம் கட்டுவாள். இந்த வருஷம் ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் மாலை. ஷர்மிளா மூன்று தடவை ஆரத்தி எடுக்க வைத்துப் படம் பிடித்தாள். முதல் இரண்டிலும் வெளிச்சம் சரியில்லையாம். சாமிக்கும் ரீடேக்.

“என்னமோ வாசனையே இல்லையே” என்றார் மங்களம் அக்கா. எல்லோரும் குனிந்து போனைப் பார்த்தார்கள். வாசனைக்குப் பொம்மை இல்லை போலிருக்கிறது.

எனக்குச் சுண்டல் தரவில்லை.

அக்டோபர் 8, புதன்

மனுவுக்குப் பதில் வரவில்லை. ரயில்வே ஆபீஸில் வாங்கிக்கொண்டு நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சொர்ணம் அக்கா அந்த நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தாம்பாளத்துக்கடியில் வைத்திருக்கிறாள். விரட்ட வருகிறவர்களிடம் எடுத்து நீட்டுகிறாள். “படிச்சிப் பாரு நைனா. இருவத்தியோரு வரி.” முத்திரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எனக்கு இப்போது யாரும் சீட் பிடிப்பதில்லை. சென்ட்ரல் வரை நின்றுகொண்டு போகிறேன். சுசீலா அக்காவும் நிற்கிறார். பேசிக்கொண்டு போகிறோம்.

அக்டோபர் 10, வெள்ளி

மூன்று வாரமாக அவளைக் கடந்துதான் வண்டிக்குப் போகிறேன். பார்த்தால் தலையை ஆட்டுவாள். மற்றவர்களை அதட்டிக் கூப்பிட்டுப் பூ கொடுப்பாள். என்னைக் கூப்பிட்டதில்லை. நகலைக் கொடுத்த நாளைத் தவிர நானும் நின்றதில்லை. மனுவைக் காரணம் காட்டி எதையும் கேட்கக் கூடாது என்று இருந்தேன்.

இன்று நின்றேன். ஏழே முக்கால் வண்டி வரும் சத்தம் கேட்டது. அப்படியும் நின்றேன்.

“இன்னா?” என்றாள்.

“அக்கா, எனக்கு ஒரு துண்டு பூ… நீங்களே வச்சி விடுங்க.”