பாஸும் லாஸும்

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
03.06.2023, சனிக்கிழமை காலை

அன்புள்ள துஷாந்தியின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்கவேண்டும் என்பதற்காக எழுதவில்லை. பிள்ளைக்குக் கொஞ்சம் தும்மலும் தடிமனும், எனக்குத் தோள் உளைவு, மற்றப்படி உண்மையிலேயே சுகம். ஊருக்குப் பார்க்கப் போனீர்களே, மாமாவின் இடுப்பு எப்படி? கட்டிலை விட்டு எழும்பத் தொடங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். நடை பழக்குகிறேன் என்று சொல்லி அவரை ஓட வைத்துவிடாதீர்கள். உங்களுக்கு எதிலும் அவசரம்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நீங்கள் போனை எடுத்தவுடனே ஸ்பீக்கரில் போட்டு, எல்லாருக்கும் நடுவில் வைத்துவிடுகிறீர்கள். உங்களோடு கதைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் உரும்பிராய் முழுவதோடும் கதைக்கிறேன். இது உங்களுக்கு மட்டும் சொல்லவேண்டியது. பலசரக்குக்கடைச் சிவமணி அண்ணை கடையை மகனிடம் விட்டுவிட்டு இன்று மத்தியானம் விமானம் ஏறுகிறார். நாளை பின்னேரம் உங்கள் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒருவரும் இல்லாத பக்கமாகப் போயிருந்து வாசியுங்கள்.

இங்கே இப்போது சாப்பிட்டுக் கோப்பை கழுவின பிறகும் வெயில் நிற்கிறது. தையல்கடையில் நான் இருக்கிற கதிரையில் இருந்து பார்த்தால் லா சப்பல் பாலத்தின் மேலால் மெட்ரோ போவது தெரியும். பின்னேரத்தில் அதன் கண்ணாடிகளில் வெயில் பட்டு, ஒவ்வொரு பெட்டியாக மஞ்சளாகி மஞ்சளாகிப் போகும். அதைப் பார்த்துக்கொண்டிருந்து நேற்று ஒரு சட்டையின் இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். முதலாளி ஏசவில்லை, சிரித்தார். அவருக்கும் விசயம் தெரியும். இந்தத் தெருவில் இப்போது எல்லாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை பின்னேரம் துஷாந்தி தன் போனைக் காட்டி, கேட்டிருந்த இரண்டு இடமும் கிடைத்துவிட்டது என்றாள். பாரிஸ் நடுவில் பாஸ், புறநகர்ப் பொபினியில் லாஸ். மருத்துவத்துக்குள் எடுபடமுன் முதலில் விஞ்ஞானம் படிக்கவேண்டுமே, அதற்கு இந்த நாட்டில் வைத்திருக்கிற இரண்டு வாசலின் பெயர்கள்தான் இவை. மல்லித்தூள் வாங்க இறங்கின நான், சிவமணி அண்ணையிடம் 'பிள்ளைக்குப் பாஸ் கிடைச்சிருக்கு' என்றேன். அவ்வளவுதான். அவர் கதிரையை விட்டு எழும்பி, 'வரதராசாவின்ரை பெட்டை டொக்டருக்குப் பாஸ்!' என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் வந்து என் கையைப் பிடித்தார்கள். நான் மறுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் எனக்கே அப்படித்தான் இருந்தது. வெள்ளைக் கோட்டோடு அவள் மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவால் நடந்து வருவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மல்லித்தூள் வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். மூன்றாம் மாடிப் பாண்டிச்சேரிக்காரி பிலோமினா அக்கா லிஃப்டில் விசயத்தைக் கேட்டுவிட்டு, 'பாஸுங்கிறது வெறும் பேருதான் அஜந்தா, இன்னும் எதுவும் பாஸாகல' என்று சிரித்தார். அப்போதுதான் எனக்கு நினைவு திரும்பியது.

அதற்குள் சிவமணி அண்ணை உங்களுக்குப் போன் எடுத்துவிட்டார். நேற்றுக் காலை நீங்கள் எடுத்தபோது அங்கே லட்டுக் கொடுத்து முடிந்திருந்தது. பிள்ளைக்குப் பொபினி லாஸில்தான் விருப்பம் என்று நான் சொன்னேன். பின்னால் இருந்து உங்கள் அண்ணை 'என்னது, லாஸ்டோ?' என்று கேட்டதும், 'பாஸை விட்டிட்டு ஆரும் லாஸுக்குப் போவினமோ' என்று நீங்கள் கத்தினதும் துஷாந்திக்கு நன்றாகக் கேட்டது. அவள் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். இரண்டும் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அண்ணைக்கு முன்னால் அதை விளங்கப்படுத்த உங்களுக்கு வாய் வரவில்லை. அதுவும் எனக்கு விளங்குகிறது.

பாஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே வருடம், பெரிய மண்டபம், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். எடுபடாவிட்டால் அதே வருடத்தை இன்னொருமுறை படிக்க விடமாட்டார்கள். ஓடத் தெரிந்த பிள்ளைகளுக்கு அது நல்ல வாசல். லாஸில் உயிரியல் பட்டப்படிப்பும் அதோடு மருத்துவப் பாடங்கள் கொஞ்சமும். மருத்துவத்துக்கு எடுபடாவிட்டாலும் பட்டப்படிப்பு தன்பாட்டில் போகும், பிறகும் ஒருதரம் கேட்டுப் பார்க்கலாம். எங்களுடையது ஓடுகிற பிள்ளையா, நீங்களே சொல்லுங்கள். சின்னப் பள்ளியில் அவளின் ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளை எப்போதும் நிலாவில் இருக்கிறாள் என்றார். நான் பெரிய புகழ்ச்சி என்று நினைத்து மெர்சி சொன்னதுமில்லாமல், அடுத்த நாள் முறுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். படிப்பில் கவனமில்லாமல் கனவு காண்கிற பிள்ளையை இங்கே அப்படித்தான் சொல்வார்களாம். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்றீர்கள்.

மாசி மாதம் பொபினிப் பல்கலைக்கழகத்தைத் திறந்து காட்டின நாளில் அவளோடு நானும் போனேனே, அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு அறையில் வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில் வைத்திருந்தார்கள். எல்லாரும் ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இவள் குனிந்தவள் நிமிரவில்லை. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று நான் சேர்ட்டில் பிடித்து இழுத்தேன். அங்கே நின்ற மாணவி ஒருத்தி, விடுங்கள், பார்க்கட்டும் என்றாள். பிறகு துஷாந்தி என்னையும் பார்க்கச் சொன்னாள். நாங்கள் நாளாந்தம் வெட்டுகிற வெங்காயம்தான் அப்பா! உள்ளே வீடு வீடாக இருக்கிறது. சுவரும் சுவரும் ஒட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னப் பொட்டு. மேலே பறந்துபோய் ஒரு ஊரைப் பார்ப்பது போல இருந்தது. இங்கே படிக்கவேண்டும் என்று அவள் தமிழில் சொன்னாள். பிரெஞ்சில் மட்டும் பதில் சொல்கிற பிள்ளை தமிழில் சொன்னாள்.

நேற்று அவள் ஒரு கேள்வி கேட்டாள். அப்பாவுக்கு ஏன் பொபினியைப் பிடிக்காது என்று. லட்டும் அண்ணையும் மட்டும் காரணமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொல்லிவிட்டேன். நாங்கள் செவ்ரானில் இருந்த காலம், அந்த 2009 மாரி, விசா அலுவலாக நீங்கள் விடியமுன் போய்ப் பொபினிப் பிரெபெக்சர் கந்தோரின் வரிசையில் நின்றதைச் சொன்னேன். எனக்குக் காய்ச்சல் என்று அவளையும் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு போனீர்கள். ஊரில் இருந்து உங்கள் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் வராத வருடம் அது. ஒருநாள் திரும்பி வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றீர்கள். என்ன என்று நான் கேட்கவில்லை. அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே உங்கள் கால் குளிர்ந்துபோகிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் பிள்ளை அந்தப் பக்கமே போகக்கூடாது என்று நீங்கள் நினைப்பதில் பிழையில்லை. ஆனால் அவளுக்கு அந்த வரிசை நினைவில்லை, அப்பா. உங்கள் கோட்டின் உள்பக்கம் சூடாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது என்றாள்.

அதைக் கேட்டபின் அவள் லாஸுக்குத்தான் பிடிவாதமாக நிற்பாள் என்று நினைத்தேன். மாறாக, நான் பாஸையே எடுக்கிறேன், அப்பா எல்லாருக்கும் சொல்லிப்போட்டார், பரவாயில்லை என்று பிரெஞ்சில் சொன்னாள். அழவுமில்லை, கோபப்படவுமில்லை. பிறகு மேசையைத் துடைத்தாள், உடுப்பு மடித்தாள், நான் கூப்பிட்ட முதல் தரமே என்ன அம்மா என்று கேட்டாள். நான்கு தரம் கூப்பிடாமல் திரும்பிப் பார்க்காத பிள்ளை. நிலாவில் இருந்து இறங்கிவிட்டாள். எனக்கு அதுதான் பயம். பாஸில் விழுந்துவிடுவாள் என்ற பயம் இல்லை. எடுபட்டு, டொக்டராகி, எல்லாரும் கைதட்டி, கடைசிவரை இப்படி முதல் தரமே திரும்பிப் பார்க்கிற ஆளாக இருந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமை இரவுக்குள் ஒன்றை எடுத்து மற்றதை விடவேண்டும். விட்ட இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது. அதுவரை பொறு என்று அவளிடம் கெஞ்சி வைத்திருக்கிறேன்.

சிவமணி அண்ணையிடம் மாமாவுக்குக் கம்பளிக் காலுறையும் உங்களுக்கு முதுகுக்குப் பூசுகிற தைலமும் கொடுத்துவிடுகிறேன். நல்லூரான் மாமாவின் கால்களுக்குப் பலத்தையும், உங்கள் மனதுக்கு ஆறுதலையும் தரட்டும்.

உங்களுக்கு 'ஓம்' என்று சொல்ல வராது. எங்கள் கலியாணத்துக்கே நீங்கள் ஓம் சொல்லவில்லையாம், 'பெட்டை எப்ப பிளேன் ஏறும்' என்றுதான் கேட்டீர்களாம். அதையே ஓம் என்று எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டில் நாள் பார்த்தார்கள். பிள்ளைக்கும் நீங்கள் ஓம் சொல்லவேண்டாம். பாஸ், லாஸ் என்ற கதையே எடுக்கவேண்டாம். தனியாக நின்று அவளுக்குப் போன் எடுங்கள். 'பொபினிக்கு எந்த மெட்ரோவிலை போறது பிள்ளை' என்று மட்டும் கேளுங்கள். அந்த வழி உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். தெரியாதவர் போலக் கேளுங்கள். அவள் சொல்லித் தரட்டும்.

உங்கள்
அஜந்தா