அரக்கு உடையாத உறையும் முப்பத்தெட்டு சதவீதமும்

அனுப்புநர்:
த. ஆதிரா,
பதினோராம் வகுப்பு மாணவி,
த/பெ. தாணுலிங்கம்,
மேலத் தெரு, பூதப்பாண்டி,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
தென்முனைப் பல்கலைக்கழகம்,
நாகர்கோவில்.

பொருள்: என் அக்கா த. சபிதா வேறு பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த இரண்டு ஆண்டுப் படிப்புக்குக் கிரெடிட் மறுத்த ஆணையை ரத்து செய்து, இதுவரை பிரிக்கப்படாத பாடத்திட்ட உறையைப் பிரித்துப் பார்த்து, 31.07.2025-க்குள் புதிய ஆணை வழங்க வேண்டுதல் - தொடர்பாக.

பார்வை: தங்கள் பல்கலைக்கழகப் பாட ஒப்புமைக் குழுவின் ஆணை, நாள் 14.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

நேற்று, 22.07.2025 செவ்வாய்க்கிழமை பிற்பகலில், தங்கள் அலுவலகத்தின் ஒப்புமைப் பிரிவில் நான் கண்டதையும் கேட்டதையும் உண்மை தவறாமல் இந்த மனுவில் பதிவு செய்கிறேன். எங்கள் பக்கத்துத் தவறுகளையும் விடாமல் எழுதுகிறேன். அங்கு பேசப்பட்டவற்றைத் திரும்பி வரும் பேருந்திலேயே நோட்டில் குறித்துக்கொண்டதால், அவரவர் சொன்னபடியே இங்கு தருகிறேன். விண்ணப்பதாரர் நான் அல்ல, என் அக்கா. அவள் இனி எதுவும் எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டதால், அவளுடைய சம்மதத்துடன் நான் எழுதுகிறேன்.

1. என் அக்கா கேரளத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் நான்கு பருவங்கள் படித்து, எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றவள். நெய்யாற்றின்கரையில் மாமா வீட்டில் தங்கிப் படித்தாள். மாமாவுக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் வந்தது. கல்லூரி விடுதியில் இடமில்லை. அதனால் மூன்றாம் ஆண்டை நம் மாவட்டத்திலேயே முடிக்கலாம் என்று வந்துவிட்டாள். தங்கள் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு வேதியியலில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்தக் கல்லூரி முதல்வர் அதை 31.07.2025 வரை அக்காவுக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே மலையாளம் படித்ததற்குப் பதிலாக இங்கே நான்கு தமிழ்த் தாள்களையும் எழுத வேண்டும் என்பது விதி. அதற்கு அக்கா தயாராகவே இருக்கிறாள். பாடப்புத்தகங்களும் வாங்கிவிட்டாள்.

2. பாடப்பகுதிகள் எழுபத்தைந்து சதவீதம் ஒத்திருந்தால் முழு கிரெடிட் உண்டு, நேரே மூன்றாம் ஆண்டில் சேரலாம் என்று தங்கள் இணையதளத்தில் உள்ள விதி கூறுகிறது. விண்ணப்பிக்கும் முன் நானும் அக்காவும் இரண்டு பாடத்திட்டங்களையும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, நான் ஒவ்வொரு அலகாக வாசிக்க, அவள் பென்சிலால் குறியிட்டாள். எண்பத்து நான்கு சதவீதம் வந்தது. ஒப்பிட்டது நாங்கள் என்பதால் கூடுதலாகப் போட்டிருப்போமோ என்ற ஐயத்தில், சந்தேகமான அலகுகளை நீக்கிவிட்டு இன்னொரு முறை எண்ணினோம். அப்போதும் எழுபத்தொன்பது.

3. பாடத்திட்டத்தின் சான்றளித்த நகலை இணைத்தால் போதும் என்றே விதியில் உள்ளது. ஆனால் என் அப்பா, "அரக்கு வச்சுக் குடுத்தாத்தான் ஆபீசுல மதிப்பாங்க மக்கா" என்று சொன்னார். அதனால் மே மாதம் நாங்கள் மூவரும் அக்கா படித்த கேரளக் கல்லூரிக்குப் போய், எழுபத்திரண்டு பக்கப் பாடத்திட்டத்தை உறையிலிட்டு மூன்று இடங்களில் அரக்கு முத்திரை வைத்து வாங்கினோம். நடு முத்திரை சற்று இடப்பக்கமாக வழிந்துவிட்டது. உறையின் மடிப்பின் குறுக்கே அக்கா கையெழுத்திட்டாள். அப்பா கேட்டுக்கொண்டதற்கிணங்க, "குழுத் தலைவர் மட்டுமே பிரிக்க வேண்டும்" என்று அந்தக் கல்லூரி எழுத்தர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். 19.05.2025 அன்று அந்த உறையைத் தங்கள் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெற்றோம்.

4. ஜூலை 14-ஆம் தேதியிட்ட ஆணை வந்தது. அதில், "விண்ணப்பதாரர் சமர்ப்பித்த பாடத்திட்டம் குழுவால் விரிவாக ஆய்வு செய்யப்பட்டது. ஒப்புமை 38 சதவீதம் மட்டுமே உள்ளது. வேதியியல் செய்முறை நேரமும் போதுமானதாக இல்லை. எனவே முதலாம் ஆண்டில் சேர அறிவுறுத்தப்படுகிறது" என்று இருந்தது. எண்ணத் தெரியாமல் எண்ணிவிட்டோம் என்று நினைத்து அக்கா அன்று முழுவதும் பழைய தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கே தவறு செய்தோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவே நேற்று அப்பாவுடன் வந்தோம். சண்டை போட வரவில்லை.

5. பிரிவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்திருந்த செசிலி என்ற அம்மாவைச் சந்தித்தோம். குவைத்தில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் இரண்டு ஆண்டு வரலாறு படித்து முடித்தவர். அவரும் கையில் ஓர் ஆணை வைத்திருந்தார். அதை என்னிடம் நீட்டி, "இத ஒண்ணு வாசிச்சுச் சொல்லு மக்கா. நான் படிச்சது சரித்திரம். இதுல கெமிஸ்ட்ரி லேபு பத்தாதுன்னு போட்டிருக்கு. எனக்க மாமியாரு கண்டா, ரெண்டு வருசமா ராத்திரி முழிச்சிருந்து என்னத்தட்டி படிச்சேன்னு கேப்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு எங்கள் ஆணையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெயரும் விண்ணப்ப எண்ணும் தவிர ஒவ்வொரு வரியும் ஒன்றாகவே இருந்தது. முப்பத்தெட்டு சதவீதமும் அப்படியே இருந்தது. அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

6. பிரிவுக் கண்காணிப்பாளர் திரு. முருகதாஸ் அவர்களிடம் இரண்டு ஆணைகளையும் காட்டினோம். அவர் எங்களை உட்காரச் சொல்லி, அப்பாவுக்குத் தேநீரும் வரவழைத்தார். இதையும் எழுத வேண்டும். "செசிலிக்கு வந்தது டைப்பிங்ல வந்த தப்பு, அத சரியாக்கிக் குடுத்திரலாம். சதவீதம் கமிட்டி போடுகது, நாங்க போடுகதில்ல" என்றார். குழு எந்த அலகுகளை ஏற்கவில்லை என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று அக்கா கேட்டாள். "எல்லாம் பைலுல கெடக்கு. நீயே பாத்துட்டு சமாதானமாப் போ மக்கா" என்று சொல்லி, அவரே அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து எங்கள் முன் அவிழ்த்தார்.

7. கோப்பில் விண்ணப்பமும், மதிப்பெண் பட்டியல்களும், ஆணையின் நகலும், எங்கள் உறையும் இருந்தன. உறை நாங்கள் கொடுத்தபடியே இருந்தது. மூன்று முத்திரைகளிலும் ஒரு கீறல்கூட இல்லை. நடு முத்திரை இடப்பக்கமாக வழிந்திருந்தது. மடிப்பின் குறுக்கே அக்காவின் கையெழுத்து. அந்த உறைக்கு மேலேதான், பாடத்திட்டம் விரிவாக ஆய்வு செய்யப்பட்டது என்ற ஆணையின் நகல் கோக்கப்பட்டிருந்தது. அனுமதி கேட்காமல் அந்த உறையை எடுத்துப் பார்த்தேன். அது என் தவறு, அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

8. அக்கா மிக மெதுவாக, "சார், இது இன்னும் பிரிக்கவே இல்லியே. பின்ன எதப் பாத்து முப்பத்தெட்டு போட்டாங்க?" என்று கேட்டாள். கண்காணிப்பாளர் உறையை வாங்கி முன்னும் பின்னும் இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன். "கமிட்டி ஆன்லைன்ல பாத்திருக்கும்" என்றார். "ஆன்லைன்ல மார்க் ஷீட்டு மட்டும்தான் சார் ஏத்த முடியும். சிலபசுக்கு அதுல எடமே கெடையாது" என்றாள் அக்கா. அப்போது அடுத்த மேசையிலிருந்த உதவியாளர் திரு. பத்மகுமார் தலையைத் தூக்கி, "கமிட்டி பிப்ரவரிக்குப் பெறவு கூடவே இல்லல்லா சார். பழைய ஆர்டருல பேர மாத்திப் போடச் சொன்னீங்க" என்றார். "நீ ஒனக்க வேலயப் பாருடே" என்றார் கண்காணிப்பாளர். திரு. பத்மகுமார் சொன்னதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். எழுதாவிட்டால் இந்த மனு பாதி மனுவாகிவிடும். உண்மையைச் சொன்னதற்காக அவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

9. பிப்ரவரியில் ஆணை பெற்ற, வேதியியல் படித்த யாரோ ஒருவருக்கு அந்த முப்பத்தெட்டு சதவீதம் சரியாக இருந்திருக்கலாம். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்குப் பின் விண்ணப்பித்த எத்தனை பேருக்கு அதே எண் போயிருக்கிறது என்பதும் தெரியாது. அது அலுவலகத்துக்கு மட்டுமே தெரியும்.

10. அந்த இடத்திலேயே உறையைப் பிரித்துப் பார்க்குமாறு அக்கா கேட்டாள். கண்காணிப்பாளர் சிவப்பு மை எழுத்தைக் காட்டி, "தலைவர் மட்டும்தான் பிரிக்கணும்னு இருக்கு. தலைவர் ரிட்டயராகி நாலு மாசமாச்சு. புதுசா ஆளு போடல்ல. நாங்க எப்படிப் பிரிக்க? நீங்கதானே அரக்கு வச்சுக் கொண்டு வந்தீங்க?" என்றார். "நாந்தான் சார் வைக்கச் சொன்னேன்" என்றார் அப்பா. சற்று நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "பிள்ளைகள் சொல்லல்ல, நாந்தான் சொன்னேன்" என்று மறுபடியும் சொன்னார். தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டார். ஐயா, அரக்கு வைத்தது எங்கள் அறியாமை. ஆனால் பிரிக்க முடியவில்லை என்றால், பிரிக்க முடியவில்லை என்றல்லவா எங்களுக்குக் கடிதம் வந்திருக்க வேண்டும்?

11. அந்த நேரத்தில் நான், "பிரிக்காத பேப்பருக்கு மார்க்கு போட்டா எங்க ஸ்கூல்ல டீச்சருக்கே மெமோ குடுப்பாங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். கண்காணிப்பாளர், "ஏட்டி, நீ எத்தனாங் கிளாஸ்?" என்று கேட்டார். பதினொன்று என்றேன். "பதினொண்ணுல படிக்கப்பட்ட பிள்ளைக்கு உள்ள பேச்சா இது?" என்றார். சத்தம் போட்டதற்காக வருந்துகிறேன். சொன்னது தவறென்று எனக்கு இதுவரை தோன்றவில்லை. வெளியே நின்ற செசிலி அம்மா, "நல்லாக் கேளு மக்கா, எனக்கும் சேத்துக் கேளு" என்றார். அவர் சொன்னதால் அவருடைய ஆணையையும் இந்த மனுவில் சேர்த்திருக்கிறேன்.

12. ஒரு வாரம் கழித்து வந்து பார்க்கும்படி சொன்னார்கள். அப்படியானால் 29-ஆம் தேதி ஆகிவிடும். அதற்குப் பிறகு இரண்டு நாட்களே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அக்கா தன் செய்முறை நோட்டுகளைக் கட்டிப் பரணில் வைத்துவிட்டாள். அம்மாவுக்குத் தெரிந்தவர் நடத்தும் ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் வேலை இருக்கிறது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி அதில் சேரப்போவதாகச் சொல்கிறாள். முதலாம் ஆண்டில்தான் சேர்ந்துவிடேன் என்று நான் சொன்னேன். "நீ காலேஜுக்கு வரும்போளும் நான் அங்கதான் கெடப்பேன். படிச்சு பாசான பாடத்த மறுபடி மொதல்லேந்து படிக்கதுக்கு நான் என்ன தோத்தா போனேன்?" என்று கேட்டாள். அதையே தங்களிடம் கேட்கிறேன்.

எனவே ஐயா அவர்கள், 14.07.2025 நாளிட்ட ஆணையை ரத்து செய்யுமாறும், வேதியியல் தெரிந்த பேராசிரியர் ஒருவரைக் கொண்டு எங்கள் முன்னிலையில் உறையைப் பிரித்து, இரண்டு பாடத்திட்டங்களையும் அலகு அலகாக ஒப்பிட்டு, 31.07.2025-க்குள் புதிய ஆணை வழங்குமாறும் வேண்டுகிறேன். உண்மையாகவே வாசித்துப் பார்த்த பிறகு முப்பத்தெட்டுதான் வருகிறது என்றால், அக்கா அதை ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுக்கத் தயார். செசிலி அம்மாவின் விண்ணப்பத்தையும், பிப்ரவரிக்குப் பின் ஆணை பெற்ற மற்றவர்களின் விண்ணப்பங்களையும் அவரவர் பாடம் அறிந்தவர்கள் மீண்டும் பார்க்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். உறைகளில் யார் என்ன எழுதியிருந்தாலும், அலுவலகம் அவற்றைப் பிரிக்கலாம் என்று ஓர் அறிவிப்பையும் வெளியிட்டால், எங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

நான் சாட்சி சொல்லக்கூடியது எதுவரை என்பதையும் குறிப்பிட வேண்டும். உறை பிரிக்கப்படாமல் இருந்தது என்று ஒரு வரி எழுதித் தருமாறு அப்பா கேட்டார். தரவில்லை. உறையை அலமாரியில் வைத்துப் பூட்டும் வரையாவது நிற்கிறோம் என்று நான் கேட்டேன். மணி ஐந்து ஐம்பது ஆகிவிட்டது, கிளம்புங்கள் என்றார்கள். நாங்கள் வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது உறை மேசை மேல்தான் கிடந்தது. மூன்று முத்திரைகளும் முழுதாக இருந்தன. அதற்குப் பின் நடந்ததை நான் பார்க்கவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

இடம்: பூதப்பாண்டி
நாள்: 23.07.2025

இப்படிக்கு,
உண்மையுள்ள,
த. ஆதிரா

இம்மனுவை வாசித்தேன், சம்மதிக்கிறேன்:
த. சபிதா

இணைப்பு: ஆணை நகல்கள் இரண்டு, தபால் பிரிவு ஒப்புகைச் சீட்டின் நகல், நாங்கள் பென்சிலால் குறியிட்ட ஒப்பீட்டுத் தாள்கள்.