கோதுமை வயலில் அசையாமல் நின்ற பிள்ளை

என் பிரியமுள்ள அண்ணே,

நீ போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. அண்ணிக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி நலம். சம்பா அறுப்புக்கு நிற்கிறது. மெஷின்காரன் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இழுக்கிறான். அவன் கிடக்கட்டும். குடியரசு தினத்தன்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உனக்குப் படத்திறப்பு நடத்தினார்கள். ஆமாம், உனக்குத்தான்.

வாசலில் ஒரு பிளெக்ஸ். யாரோ ஒரு நடிகன் உடம்பில் உன் தலையை ஒட்டி, கையில் துப்பாக்கியைக் கொடுத்து, ‘எதிரிகளின் எமனே!’ என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தில் கும்பிட்டபடி நம் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். உன்னைவிட இரண்டு மடங்கு பெரிதாக. வெளியூர்க்காரன் பார்த்தால் செத்தது அவர்தான் என்று நினைத்திருப்பான்.

பட்டாளத்தை முடித்து நீ ஊருக்கு வந்த புதிதில் இதே மனுஷன் டீக்கடையில் உன்னைக் கேட்டாரே, “எத்தனை பேரைடா சுட்ட?” என்று.

“யாரையும் இல்லீங்க. பஞ்சாப் எல்லையில கண்ணிவெடி எடுக்கிற வேலை. அப்புறம் அங்க பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயி, எதைத் தொடக்கூடாது, எங்க போகக்கூடாதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.”

“அட, வாத்தியார் வேலைக்கா ரயில் ஏறிப் போன? அதை ஒரத்தநாட்டுலயே பார்த்திருக்கலாமே!”

கடையே சிரித்தது. அன்றிலிருந்து உனக்கு ‘வாத்தி’ என்று பேர். நீயும் சேர்ந்து சிரித்தாய். எப்படி அண்ணே முடிந்தது உன்னால்? நானாக இருந்தால் சூடான டீயை அந்த வெள்ளை வேட்டியில் ஊற்றியிருப்பேன்.

அந்த வாய்தான் இப்போது மைக்கைப் பிடித்தது. நீ மலை உச்சியில் தனியாளாக நின்று எதிரிகளைக் கதிர் அறுப்பதுபோல் அறுத்தாயாம். பஞ்சாபில் நீ இருந்த இடத்தில் மலை ஏது? அவர் கதிர் அறுத்ததையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் கைதட்டினார்கள். சால்வை போர்த்தினால் எதற்கும் கைதட்டுவார்கள்.

நான் மேடை ஏறப்போகும்போது என்னைக் கூப்பிட்டார். “ஏம்மா வளர்மதி, ரெண்டு வார்த்தை வீரமாப் பேசு. வெடியை நம்ம ஆளுங்கதான் புதைச்சாங்க, மழையில நகர்ந்து போச்சுன்னு உங்கண்ணன் உளறுவானே, அதெல்லாம் பிள்ளைங்க முன்னாடி வேணாம்.”

உளறுவானாம். உன் படத்துக்கு மாலை போட்ட கையில் ஈரம்கூடக் காயவில்லை.

நான் எழுதி வைத்திருந்த தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்பா கருமாதி அன்று நீ என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாயே, அதைச் சொன்னேன்.

சண்டை வரும் என்று பயந்து நம் ஆட்களே வயலில் வெடி புதைத்ததைச் சொன்னேன். சண்டை வராமல் போய், திரும்ப எடுக்கும்போது சிலது இடம் மாறிப் போயிருந்ததைச் சொன்னேன். ஜஸ்ஸி என்ற ஒன்பது வயதுப் பிள்ளை ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு கோதுமை வயலுக்குள் போனது. காலுக்கு முன்னால் மண்ணுக்கு வெளியே வட்டமாக ஏதோ தெரிந்தது. நீ வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்து, வைத்த காலை எடுக்காமல் அப்படியே நின்று, கத்திக் கூப்பிட்டது.

நீ வயிற்றால் ஊர்ந்து, கம்பியால் மண்ணைச் சாண் சாணாகக் குத்திப் பார்த்துக்கொண்டே போனாய். காலையில் ஆரம்பித்தது, வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வழியில் இரண்டு வெடி இருந்தது. பிள்ளை பயத்தில் பாவாடையை நனைத்துவிட்டு அதற்கும் சேர்த்து அழுதது. “நானும்தான் நனைச்சுட்டேன், யார்கிட்டயும் சொல்லாத” என்று அவர்கள் பாஷையில் சொன்னாயாம். தோளில் தூக்கிக்கொண்டு, ஊர்ந்து போன தடத்திலேயே திரும்பி வந்தாய்.

அதுவரைக்கும் நெளிந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒன்றுகூட அசையவில்லை.

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். முன்னாள் தலைவரின் பேத்திதான், நான்காம் வகுப்பு. “அத்தை, அப்ப அந்த மாமா யாரையும் கொல்லலையா?”

“இல்லடா கண்ணு.”

அவள் மேடையைப் பார்த்தாள். “அப்ப ஏன் தாத்தா பொய் சொன்னாங்க?”

அந்த மனுஷன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. சவுண்ட் சர்வீஸ்காரனுக்கு யாரோ கண் காட்டினார்கள், மைக் செத்தது. எனக்கு மைக் எதற்கு? வாய்க்கால் அந்தக் கரையில் நிற்கும் ஆளை இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டு வளர்ந்தவள். மிச்சத்தை வெறும் தொண்டையில் சொல்லி முடித்தேன். மனுஷன் பிரியாணிக்குக்கூட நிற்காமல் காரில் ஏறினார். தேசம் காக்கிற அவசரம்போல.

இன்னொரு சேதி. கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு டீச்சர் அதிராம்பட்டினம் பக்கம் மீனவர் தெருப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். அங்கே கரையில் ஒதுங்கிய ஏதோ ஒரு இரும்புக் குழாயைப் பிள்ளைகள் கல்லால் தட்டியிருக்கிறார்கள். கப்பலில் ஆபத்து என்றால் சைகை காட்டக் கொளுத்துகிற வெடியாம். நல்லவேளை, வலை காயப்போட வந்த ஒரு அம்மா பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறாள். “நீங்க வந்து எங்க பிள்ளைங்களுக்கும் சொல்லுங்க” என்றார் டீச்சர். எட்டாவது படித்த நானா? உன்னிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பாய்?

சரி என்று சொல்லிவிட்டேன் அண்ணே. திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போகிறேன். தெரியாததைத் தொடாதே, நின்ற இடத்தில் நில், பெரியவங்களைக் கூப்பிடு. இந்த மூன்றையும் அந்தப் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வைப்பேன். எவன் எத்தனை பிளெக்ஸ் வைத்தாலும் சரி, நான் உயிரோடு இருக்கும்வரை உன் கதையில் ஒரு உயிர்கூடச் சாக விடமாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த வாயாடி,
தங்கச்சி வளர்மதி